ஆப் டாக்ஸி எவ்ளோ வசதி, எவ்ளோ சேஃப்: உள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம்

ஆப் டாக்ஸியில ஏதாவது அசம்பாவிதம் நடந்து செய்தி வந்தா உடனே ரெண்டு விதமான பேச்சு கிளம்பிடும். ஒரு பக்கம் "அதான் ஜிபிஎஸ் இருக்கு, டிரைவர் போட்டோ இருக்கு, எல்லாம் ரெக்கார்டு ஆகுதுல்ல, அப்புறம் என்ன பயம்"னு சொல்வாங்க, இன்னொரு பக்கம் "முன்னபின்ன தெரியாதவன் வண்டியில ஏறுறதே தப்பு"னு சொல்வாங்க. ரெண்டுலயும் பாதிதான் உண்மை. எது எந்தப் பாதின்னு தெரியணும்னா இந்த சர்வீஸ் எப்படி ஓடுதுன்னு அடியில இருந்து பார்க்கணும், ஏன்னா இதுல வசதியைக் குடுக்குற அதே விஷயம்தான் பாதுகாப்பையும் குடுக்குது: யாரு, எந்த வண்டி, எங்க போகுதுன்னு ஒவ்வொரு டிரிப்புக்கும் விழுற பதிவு. அந்தப் பதிவு எங்கெல்லாம் பொய்யாகுதோ அங்கெல்லாம் பிரச்சினை.

இது டாக்ஸி கம்பெனி இல்லையா?

பெரும்பாலும் இல்ல. பழைய மாதிரி டாக்ஸி கம்பெனின்னா சொந்த வண்டி இருக்கும், இல்லன்னா அட்டாச் பண்ண வண்டி இருக்கும், போன் எடுக்க ஆள் இருக்கும், எந்த டிரைவரை அனுப்புறோம்னு அவங்களுக்கே தெரியும். ஆப் கம்பெனியில வண்டி டிரைவரோடது, இல்ல வேற ஒரு ஓனரோடது. பெட்ரோல், ரிப்பேர், இஎம்ஐ எல்லாம் அவங்க தலையில. கம்பெனி செய்யிறது என்னன்னா வண்டி கேக்குறவரையும் வண்டி வச்சிருக்கிறவரையும் கோர்த்து விடுறது, ரேட்டை முடிவு பண்றது, காசுல தன் பங்கை எடுத்துக்கிறது. இதுக்கு இந்திய சட்டத்துல அக்ரிகேட்டர்னு பேரு.

ஊபர் 2009ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது, ஓலா 2010ல இந்தியாவுல, டிடி 2012ல சீனாவுல, கிராப் 2012ல மலேசியாவுல. ஊரு வேற வேறயா இருந்தாலும் உள்ள இருக்குற மெக்கானிசம் ஒண்ணுதான். எல்லாருமே ரொம்ப நாளா சொன்ன ஒரு வசனமும் ஒண்ணுதான்: "நாங்க டெக்னாலஜி கம்பெனி." இது பெருமைக்கு சொல்றது மட்டும் இல்லைங்க, ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு யாரு மேல விழும்ங்கிறதே இந்த ஒரு வரியில இருக்கு. அதுக்கு கடைசியில வருவோம்.

புக் பட்டனை அமுக்குனதும் நடக்குறது

1. உங்க போன் உங்க இடத்தை அனுப்புது. திறந்த வெளியில போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரைக்கும் சரியா காட்டும், ஆனா உயரமான கட்டடங்களுக்கு நடுவுல சிக்னல் சுவத்துல பட்டுத் திரும்பி வர்றதால பின் தெரு, எதிர்ப்பக்கம்னு புள்ளி தாவிடும். டிரைவர் போன் பண்ணி "எங்க நிக்கிறீங்க"ன்னு கேக்குறதுக்கு பாதிக் காரணம் இதுதான், அவர் மேல கோபப்பட்டு பிரயோஜனம் இல்ல.

2. சிஸ்டம் பக்கத்துல இருக்குற வண்டியைத் தேடுது. பக்கம்னா தூரக் கணக்கு இல்ல, நேரக் கணக்கு. 300 மீட்டர்ல ஒரு வண்டி இருந்தும் அது டிவைடருக்கு அந்தப் பக்கம் நின்னா, ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்குற வண்டி முந்திக்கும்.

3. வந்த முதல் ஆளுக்கு முதல் வண்டின்னும் குடுக்குறது இல்ல. சில செகண்ட் காத்திருந்து அந்த ஏரியாவுல வந்த எல்லா ரிக்வெஸ்டையும் எல்லா வண்டியையும் மொத்தமா வச்சுப் பார்த்து, மொத்த காத்திருப்பு எப்படி குறையும்னு ஜோடி சேர்க்குற முறையும் இருக்கு. அதனாலதான் கண்ணு முன்னாடி ஒரு வண்டி காலியா நிக்கும், ஆனா உங்களுக்கு வேற வண்டி வரும்.

4. டிரைவருக்கு ரிக்வெஸ்ட் போகுது, எடுக்கிறதா விடுறதான்னு முடிவு பண்ண அவருக்கு சில செகண்ட்தான். டிராப் எங்கன்னு முன்னாடியே காட்டுற ஆப் இருக்கு, காட்டாத ஆப்பும் இருக்கு.

இந்த நாலாவது பாயின்ட்லதான் எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த போன் கால் பிறக்குது. "டிராப் எங்க சார், கேஷா ஆன்லைனா?" பதில் பிடிக்கலன்னா அவரும் வர மாட்டார், கேன்சலும் பண்ண மாட்டார், மேப்ல வண்டி ஒரே இடத்துல நிக்கும், நீங்களே கேன்சல் பண்ற வரைக்கும் காத்திருப்பார், ஏன்னா அவர் கேன்சல் பண்ணா அவர் கணக்குல விழும். அவர் பக்கம் பார்த்தா திரும்பி வர சவாரி கிடைக்காத ஏரியாவுக்குப் போனா எம்டியா ஓட்டிட்டு வரணும், அந்த பெட்ரோலுக்கு யாரும் காசு தர்றது இல்ல. ரெண்டு பேருக்கும் நியாயம் இருக்கு, நடுவுல கணக்குப் போட்ட சிஸ்டம் அந்தத் திரும்பி வர்ற செலவை மறந்துடுச்சு, அதான் விஷயம்.

சர்ஜ்னா என்ன

ஊரை சின்னச் சின்ன கட்டமா பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் எத்தனை பேர் கேக்குறாங்க, எத்தனை வண்டி காலியா இருக்குன்னு தொடர்ந்து பார்க்குறாங்க. ஊபர் இதுக்கு அறுகோண கட்டம் யூஸ் பண்ணுது, அந்த சாஃப்ட்வேரை 2018ல பொதுவுக்கே திறந்து விட்டாங்க. கேக்குறவங்க கூடி வண்டி குறைஞ்சா ரேட் ஏறும், இந்த ஏத்தம்தான் சர்ஜ், ஏறினதைப் பார்த்து பக்கத்துக் கட்டத்துல இருக்குற டிரைவர்கள் அங்க வருவாங்க, அவசரம் இல்லாதவங்க பத்து நிமிஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்னு விட்டுடுவாங்க. கட்டம் மாறுனா ரேட் மாறுறதால, சில நேரம் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் புக் பண்ணாலே குறையும்.

முன்ன எல்லாம் 1.8 மடங்கு, 2 மடங்குன்னு பெருக்கல் நம்பரே திரையில தெரியும். இப்ப நிறைய ஆப்ல மொத்த தொகை மட்டும்தான் வருது, அதுக்குள்ள எவ்ளோ சர்ஜ்னு பயணிக்குத் தெரியாது. வசதின்னு சொல்லி கொண்டு வந்தது, ஆனா கேள்வி கேக்குற வழியை அடைச்சிடுச்சுன்னுதான் எனக்குத் தோணுது. இந்தியாவுல மத்திய அரசோட 2020 வழிகாட்டுதல் சர்ஜுக்கு அடிப்படைக் கட்டணத்துல 1.5 மடங்குன்னு எல்லை வச்சுது, 2025ல அதை 2 மடங்கா ஏத்திட்டாங்க.

பாதுகாப்பு: மூணு கட்டம்

ஆப்ல இருக்குற பாதுகாப்பு வசதிகளை ஒரே லிஸ்டா பார்த்தா எல்லாம் பெருசா தெரியும். எது எப்ப வேலை செய்யுதுன்னு பிரிச்சா நிஜ நிலவரம் புரியும்.

1. ஏறுறதுக்கு முன்னாடி: லைசென்ஸ், வண்டிப் பேப்பர், போலீஸ் வெரிஃபிகேஷன், அப்பப்ப டிரைவர்கிட்ட கேக்குற செல்ஃபி.

2. ஓடிட்டு இருக்கும்போது: ஓடிபி, ட்ரிப் ஷேர் லிங்க் (வண்டி எங்க போகுதுன்னு நமக்கு வேண்டியவங்க பார்க்குறது), எஸ்ஓஎஸ்ங்கிற அவசர உதவி பட்டன், வண்டி காரணமில்லாம ரொம்ப நேரம் நின்னாலோ ரூட் மாறுனாலோ "எல்லாம் ஓகேவா"ன்னு வர்ற மெசேஜ், நம்பர் மறைச்சுப் பேசுற வசதி. கடைசியில சொன்னது எப்படின்னா கம்பெனியோட ஒரு இடைநம்பர் வழியா ரெண்டு பேரையும் இணைப்பாங்க, உங்க நம்பர் அவருக்கும் போகாது, அவர் நம்பர் உங்களுக்கும் வராது. டிரிப் முடிஞ்சப்புறம் தொல்லை குடுக்குறது இதனால நிறைய குறையும். ஆனா "ஜிபே நம்பர் சொல்லுங்க"ன்னு நாமளே சொந்த நம்பரைக் குடுத்துட்டா அவ்ளோதான், மறைச்சதுக்கு அர்த்தமே இல்ல.

3. இறங்குன அப்புறம்: டிரிப் ஹிஸ்டரி, ரேட்டிங், புகார், போலீஸ் கேட்டா குடுக்குற ஜிபிஎஸ் பதிவு.

மூணுலயும் ரொம்ப பலமானது மூணாவது. நடந்ததுக்கு சாட்சி இருக்கும், ஆளைப் பிடிச்சிடலாம், அதனாலயே தப்புத்தண்டா பண்ண நினைக்கிறவன் யோசிப்பான். ரோட்டுல கை காட்டி நிறுத்துற வண்டியில இது கிடையாது, அந்த வகையில ஆப் உண்மையிலேயே ஒரு படி மேல. ஆனா சாட்சி வேற, காவல் வேற. எஸ்ஓஎஸ் அமுக்குனாலும் யாராவது வந்து சேர நேரம் எடுக்கும், வண்டி அதுவரைக்கும் ஓடிட்டேதான் இருக்கும்.

போலீஸ் வெரிஃபிகேஷனுக்கும் ஒரு எல்லை இருக்கு. அது ஒருத்தரோட கடந்த காலத்தை மட்டும்தான் பார்க்கும், அதுவும் பேப்பர்ல ஏறுன கடந்த காலத்தை. வேற ஊர்ல இருந்த வழக்கு தப்பிடலாம், சர்டிஃபிகேட்டே போலியா இருக்கலாம். டெல்லியில 2014 டிசம்பர்ல ஊபர்ல போன ஒரு பெண்ணை டிரைவர் பலாத்காரம் பண்ண வழக்குல, அந்த ஆள் மேல முன்னாடியே வழக்கு இருந்தது அப்புறம்தான் வெளிய வந்துச்சு. டெல்லி அரசு ஊபரைத் தடை பண்ணுச்சு, டிரைவருக்கு 2015ல ஆயுள் தண்டனை கிடைச்சுது. இந்தியாவுல ஊபர் ஆப்ல எஸ்ஓஎஸ் பட்டன் வந்ததே அதுக்கப்புறம்தான்.

பாதுகாப்புச் சங்கிலி அறுந்த இடங்கள்

பெரிய சம்பவங்களை எடுத்துப் பார்த்தா டெக்னாலஜி இல்லாததால நடந்தது குறைச்சல்தான். இருந்தும் அது காட்டுற தகவல் பொய்யா இருந்தது, இல்லன்னா யாரும் பார்க்கல.

முதலாவது, போட்டோவுல ஒரு ஆள், வண்டியில ஒரு ஆள். சீனாவுல 2018 மே மாசம் டிடியோட ஹிட்ச்ங்கிற கார்பூல் (ஒரே வழியா போறவங்க ஒரு காரைப் பகிர்ந்துக்கிறது) சர்வீஸ்ல போன ஒரு இளம்பெண் கொலை செய்யப்பட்டாங்க, ஓட்டுனவன் தன் அப்பாவோட அக்கவுன்ட்ல ஓட்டிட்டு இருந்தான். லண்டன்ல 2019 நவம்பர்ல ஊபரோட லைசென்ஸைப் புதுப்பிக்க போக்குவரத்து ஆணையம் மறுத்தப்ப சொன்ன முக்கியமான காரணமும் இதுதான்: அனுமதி இல்லாதவங்க மத்த டிரைவர்களோட அக்கவுன்ட்ல தங்களோட போட்டோவை ஏத்திட்டு ஓட்டியிருக்காங்க, அப்படி நடந்த டிரிப் குறைஞ்சது 14,000. பின்னாடி ஊபர் ஓட்டையை அடைச்சு 2020 செப்டம்பர்ல கோர்ட் மூலமா லைசென்ஸ் வாங்கிடுச்சு, அது வேற கதை.

இது ஏன் நடக்குதுன்னா அக்கவுன்ட்டுக்கு ஒரு மார்க்கெட் இருக்கு. ஒருத்தர் ஐடி பிளாக் ஆகியிருக்கும், ஒருத்தருக்கு லைசென்ஸே இருக்காது, ஒரே வண்டியை அண்ணன் பகல்லயும் தம்பி ராத்திரியும் ஓட்டுவாங்க. இதைப் பிடிக்கத்தான் திடீர்னு செல்ஃபி கேக்குறது. அதுலயும் ஓட்டை இருக்கு: ஐடிக்காரர் செல்ஃபி எடுத்துட்டு போனைக் கைமாத்திட்டா முடிஞ்சுது. ஓடிபியும் இங்க உதவாதுங்கிறதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. ஓடிபி சொல்றது "இந்த டிரிப் விழுந்த போன் இந்த வண்டியில இருக்கு"ங்கிறது மட்டும்தான், அந்தப் போனை வச்சிருக்கிறது யாருன்னு அதுக்குத் தெரியாது. கடைசியில ஆளையும் போட்டோவையும் ஒத்துப் பார்க்குற ஒரே இடம் ஏறப் போற பயணியோட கண்ணுதான், அதுவும் எப்பன்னா ராத்திரி, மழை, சர்ஜ் ஏறிக் கிடக்கு, இந்த வண்டியை விட்டா அடுத்தது எப்ப வரும்னு தெரியாத நேரத்துல. "வண்டி சர்வீஸ்ல இருக்குங்க, இது ஃப்ரெண்டு வண்டி"ன்னு சொன்னா சரி பரவால்லன்னு ஏறிடுறோம்.

ரெண்டாவது, புகார் வந்தும் யாரும் பார்க்காதது. அதே டிடி ஹிட்ச்ல மூணே மாசத்துல, 2018 ஆகஸ்ட்ல இன்னொரு பெண் கொல்லப்பட்டாங்க. அந்த டிரைவர் மேல முந்தின நாளே வேற ஒரு பெண் பயணி புகார் குடுத்திருந்தாங்க, அதை சரியா கவனிக்கலன்னு கம்பெனியே ஒத்துக்கிட்டு ஹிட்ச் சர்வீஸை நிறுத்துச்சு. இந்த சம்பவத்துல ஜிபிஎஸ் இருந்துச்சு, அக்கவுன்ட் இருந்துச்சு, புகாரும் இருந்துச்சு. அதை எடுத்துப் படிச்சு அந்த ஐடியை அன்னைக்கே நிறுத்த வேண்டிய ஆள்தான் இல்ல. கஸ்டமர் கேர்னு வச்சிருக்கிற இடத்துல ரெடிமேட் பதில் அனுப்புற சாட்பாட் மட்டும் இருந்தா எஸ்ஓஎஸ் பட்டன் எவ்ளோ சிவப்பா இருந்து என்ன.

மூணாவது, தப்பான வண்டி. அமெரிக்காவுல சவுத் கரோலினாவுல 2019 மார்ச்ல ஒரு கல்லூரி மாணவி தான் புக் பண்ண வண்டின்னு நினைச்சு வேற காருல ஏறி கொலையானாங்க. பின் கதவுல சைல்ட் லாக் போட்டிருந்தான், உள்ள இருந்து திறக்க முடியாது.

நாலாவது செய்தியில வர்றதே இல்ல, ஆனா ரொம்ப சாதாரணமா நடக்குது: "கேன்சல் பண்ணிடுங்க, அதே ரேட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்." டிரைவருக்கு கமிஷன் மிச்சம், நமக்கும் கொஞ்சம் குறையலாம். ஆனா கேன்சல் அமுக்குன அந்த செகண்ட்ல இருந்து ஷேர் லிங்க் செத்துப்போச்சு, எஸ்ஓஎஸ் போனா கூட எந்த வண்டின்னு கம்பெனிக்குத் தெரியாது, டிரிப்போட சேர்ந்து வர்ற இன்சூரன்ஸ் கிடையாது, ஏதாவது ஆனா "எங்க ரெக்கார்டுல அப்படி ஒரு டிரிப்பே இல்ல"ன்னு கம்பெனி சொல்லலாம், அது உண்மையும் கூட.

பயப்பட வேண்டியது எதுக்கு

2019 டிசம்பர்ல ஊபர் அமெரிக்காவுக்கு மட்டும் ஒரு பாதுகாப்பு அறிக்கை விட்டுச்சு. 2017, 2018 ரெண்டு வருஷத்துல சுமார் 230 கோடி டிரிப். அதுல பாலியல் தாக்குதல் புகார் 5,981, தாக்கப்பட்டு இறந்தவங்க 19 பேர், வாகன விபத்துல இறந்தவங்க 107 பேர். புகார் குடுத்தவங்கள்ல டிரைவர்களும் இருக்காங்க. விபத்துல இறந்ததுல பயணி, டிரைவர், ரோட்டுல போன மத்தவங்க எல்லாரும் அடக்கம்.

மொத்த டிரிப்புக்கு முன்னாடி இது சின்ன சதவீதம்தான், கம்பெனியும் அப்படித்தான் சொல்லுச்சு. ஆனா சதவீதம் சின்னதுங்கிறதால 5,981ங்கிறது சின்ன நம்பர் ஆகிடாது, அதுவும் புகாரா வந்தது மட்டும். நான் இதுல கவனிக்கச் சொல்றது அந்த 19ம் 107ம். உயிர் போறதுன்னு பார்த்தா ரோடு விபத்துதான் பெரிய ஆபத்து, நாம பேசுறதெல்லாம் டிரைவர் நல்லவரா கெட்டவராங்கிறது மட்டும். அவர் தூங்கினாரா, எத்தனை மணி நேரமா ஓட்டுறார்னு யாரும் கேக்குறதில்ல, பின் சீட்டுல பெல்ட் போடுறவங்களையும் எண்ணிடலாம்.

ஓட்டுறவர் பக்கம்

இந்தியாவோட 2020 வழிகாட்டுதல்ல ஒரு டிரைவர் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல லாகின்ல இருக்கக் கூடாது, அப்புறம் 10 மணி நேரம் ஓய்வு எடுக்கணும்னு இருந்துச்சு. எல்லா ஆப்பும் சேர்த்துத்தான் அந்த 12. ஆனா ஒரு ஆப் லாக் ஆனா அடுத்த ஆப்பைத் திறந்தா அதுக்கு முதல் ஆப்போட கணக்கு எப்படித் தெரியும்? இன்சென்டிவ் கிடைக்க இன்னும் ரெண்டு டிரிப் பாக்கின்னு திரையில காட்டிக்கிட்டே இருந்தா கண்ணு சொருகினாலும் ஓட்டத்தான் தோணும். பயணியோட பாதுகாப்பும் டிரைவரோட வருமானமும் வேற வேற சப்ஜெக்ட்னு நினைக்கிறது தப்புங்க.

ரேட்டிங்கும் அப்படித்தான். 5க்கு 4ன்னா நல்ல மார்க்குன்னு நினைச்சுப் போடுறோம், ஆனா இந்த உலகத்துல சராசரி 4க்குப் போனா ஐடியே போகலாம். அதனால எல்லாரும் பாவம்னு 5 போடுறாங்க, அப்படி எல்லாரும் 5 வாங்குன இடத்துல யாரு நல்லா ஓட்டுறாங்கன்னு ரேட்டிங்கை வச்சு சொல்ல முடியாது. இன்னொரு விஷயம், டிரைவர்கிட்ட அத்தனை பேப்பர் கேக்குற சிஸ்டம் பல இடத்துல பயணிகிட்ட கேக்குறது ஒரு போன் நம்பர் மட்டும்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு பின் சீட்டுல ஏறுறது யாருன்னு அவருக்கும் தெரியாது.

நம்ம பதிவு யார்கிட்ட இருக்கு

வீடு எங்க, வேலை எங்க, எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை போனோம், எல்லாம் ஆப்ல இருக்கு. 2016ல ஊபர்ல இருந்து 5.7 கோடி பேரோட விவரம் திருடு போச்சு. கம்பெனி ஹேக்கர்களுக்கு 1 லட்சம் டாலர் குடுத்து மூடி மறைச்சுது, 2017 நவம்பர்லதான் வெளிய சொல்லுச்சு. அப்ப பாதுகாப்புப் பிரிவுத் தலைவரா இருந்தவர் மறைச்ச குத்தத்துக்கு 2022ல குற்றவாளின்னு தீர்ப்பாச்சு.

பொறுப்பு யாரோடது

"டெக்னாலஜி கம்பெனி" வசனத்தை கோர்ட்டுகள் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துக்காம விட்டுடுச்சு. ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பர்ல ஊபர் போக்குவரத்து சேவைதான்னு சொல்லிடுச்சு. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில டிரைவர்களை சுயதொழில் ஆளுங்கன்னு ஒதுக்க முடியாது, அவங்களுக்கு குறைந்தபட்ச கூலி, லீவு சம்பளம் உண்டுன்னு தீர்ப்பு குடுத்துச்சு. இந்தியாவுல 2019 மோட்டார் வாகன சட்டத் திருத்தம் அக்ரிகேட்டர்னு தனியா வரையறுத்து லைசென்ஸ் கட்டாயம்னு ஆக்குச்சு.

இப்ப புதுசா கமிஷன் எடுக்காம, டிரைவர்கிட்ட நாளுக்கு இவ்ளோன்னு சந்தா வாங்குற மாடல் பரவுது. டிரைவருக்கு நல்லதுதான், முழு காசும் கைக்கு வருது. ஆனா காசு நேரா டிரைவருக்குப் போறதால ரேட் தகராறு, ரீஃபண்ட்னு வந்தா "அது உங்களுக்கும் அவருக்கும்"னு கம்பெனி ஒதுங்கிக்க இடம் இருக்கு. பழைய வசனம் புது வாசல் வழியா வருதான்னு பார்த்துக்கணும்.

பயணி செய்யக் கூடியது

1. வண்டி நம்பர் முழுசும் பாருங்க, கடைசி நாலு இலக்கம் மட்டும் போதாது. கலர், மாடல் எல்லாம் அதுக்கப்புறம்.

2. "என் பேரு என்ன"ன்னு டிரைவர்கிட்ட கேளுங்க, உங்க பேரை நீங்களே முதல்ல சொல்லிடாதீங்க. தப்பான வண்டியா இருந்தா முழிப்பாங்க.

3. முகம் ஒத்துப் போகலன்னா ஏறாதீங்க. கேன்சல் காரணத்துல டிரைவரோ வண்டியோ வேறன்னு ஒரு ஆப்ஷன் இருந்தா அதையே போடுங்க, சும்மா கேன்சல் பண்ணா சார்ஜ் உங்க மேல விழும், கம்பெனிக்கும் விஷயம் போகாது.

4. ஏறுறதுக்கு முன்னாடி பின் கதவு உள்ள இருந்து திறக்குதான்னு ஒரு தடவை பாருங்க. ஏறுனதும் பெல்ட்.

5. ஷேர் லிங்க்கை அனுப்புனா மட்டும் போதாது, அதைத் திறந்து பார்க்குற ஆளுக்கு அனுப்புங்க. அதோட "இத்தனை மணிக்குள்ள வரலன்னா கூப்பிடு"ன்னு ஒரு வரி.

6. டிரைவர் தூக்கக் கலக்கத்துல இருக்கார்னா வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கிடுங்க, மரியாதைக்காக உட்கார்ந்திருக்க வேண்டாம்.

7. ஆபத்துன்னு தோணுனா நேரா அவசர போலீஸ் நம்பருக்கு அடிங்க, கம்பெனிக்கு அப்புறம் சொல்லிக்கலாம். சின்ன விஷயம்னு விட்ட புகாரையும், அதாவது ஒரு மாதிரி பேசினார், ரூட் மாத்துனார், ஆள் மாறி வந்தார்னு இருந்தா அன்னைக்கே ஆப்ல எழுத்துல போட்டு புகார் நம்பரை எடுத்து வச்சுக்குங்க, அடுத்த நாள் அதே வண்டியில வேற ஒருத்தர் ஏறுவாங்க.